பெருமரத் தோப்பும் ஓடிப் பழகிய கால்களும்

பெருமரத் தோப்புக்குள் வெயில் இறங்கி வரும்போது பச்சையாகிவிடும். வெளியே கண்ணைக் கூசவைக்கிற அதே வெயில்தான். அந்த நீள நீள இலைகளுக்குள் புகுந்து தரைக்கு வந்து சேர்வதற்குள், கண்மாய்த் தண்ணீருக்குள் முங்கிக் கண்ணைத் திறந்தால் தெரியுமே, அந்த மாதிரி ஆகிவிடும். மல்லாங்கிணறு பக்கத்தில் அந்தத் தோப்பில் நான் உட்கார்ந்திருந்த நாட்களை நினைத்தால் முதலில் வருவது அந்தப் பச்சைதான். ஆட்கள் பிறகுதான் ஒவ்வொருவராக வருகிறார்கள்.

நான் அங்கே போனது என் மகளுக்குத் துணையாக. அவள் மரம் வெட்டப் படிக்கப் போனாள். தீக்குச்சிக்குப் பெருமரம் எடுக்கிற ஒரு கம்பெனி, வெட்டுகிற ஆட்களுக்கு அடிக்கடி அடிபடுகிறது என்று, மேற்கே மலையிலிருந்து ஒரு வாத்தியார் சாரைக் கூட்டிவந்து பாதுகாப்பாக வெட்டப் பழக்கிக்கொடுத்தது. பெண்களும் வரலாம் என்றார்கள். படித்து முடிக்கிறவர்கள் கடைசியில் ஆளுக்கு ஒரு மரத்தைத் தன் கையால் சாய்த்துக் காட்ட வேண்டும். சரியாகச் சாய்த்தால் கார்டு கிடைக்கும், கார்டு இருந்தால் வேலை நிச்சயம்.

மகளுக்கு அந்தக் கார்டு வேண்டும். இல்லையென்றால் திரும்பவும் அச்சங்குளம் பக்கம் அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனிக்கே போக வேண்டும். போக மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். ஆனால் வீட்டில் இருப்பது அவளும் நானும்தான். அவள் வேலைக்குப் போகாமல் எத்தனை நாளைக்கு உலை கொதிக்கும்?

அவளுக்கு அங்கே பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிற வேலை. நானும் அந்த வயதில் வேறொரு கம்பெனியில் சரம் பின்னினேன். அதற்கும் முன்னால், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தீப்பெட்டிக் கம்பெனியில் கட்டையில் குச்சி அடுக்கினேன். ஆகவே எங்கள் இரண்டு பேர் காலுக்கும் ஒரே பாடம்தான். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே போர்மேன் சொல்லிவிடுவார்: "சத்தம் கேட்டா எந்திரிச்சு ஓடு. எந்த வாசல் பக்கமோ அந்த வாசல். என்ன ஏதுன்னு திரும்பிப் பாக்கப்படாது." அதற்காகத்தான் அந்த அறைகளுக்கு நாலு பக்கமும் கதவு வைத்து, வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி போட்டிருப்பார்கள். வாசலில் ஒரு பொருளும் வைக்கவிட மாட்டார்கள்.

போன கோடையில் மகளுடைய பக்கத்து அறையில் மருந்து உராய்ந்து தீப்பிடித்துக்கொண்டது. மகள் ஓடினாள். வேலி வரைக்கும், வேலியைத் தாண்டியும் ஓடி, ஒரு பருத்திக் காட்டுக்குள் போய்த்தான் நின்றாள். கூட வேலை பார்த்தவள் தூக்குவாளியை எடுக்கத் திரும்பினாள். அதற்கு மேல் மகள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அன்றைக்கு ராத்திரி அவள் படுத்திருக்கும்போது அந்தக் கால்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாமிக்குக் கும்பிடுகிற மாதிரிதான் அந்தக் கால்களுக்கு மனசுக்குள் கும்பிட்டேன்.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்திருந்த சமயத்தில் தோப்புப் படிப்பு தொடங்கியது. விருதுநகர் போய் பஸ் மாறிப் போவோம். மழை பெய்து ஓய்ந்த மண். முதல் நாள், எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் தோப்பு வரப்பிலேயே செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய் நின்றார்கள். என் மகளும்தான். வாத்தியார் சாருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏம்மா, கோயிலுக்கா வந்திருக்கீங்க?"

எங்கள் தெருவிலிருந்து வந்திருந்த ஒருத்தி, வாய்க்காரி, முன்னால் வந்தாள். "மருந்து ரூமுக்குள்ள செருப்புப் போட்டா போர்மேன் உசுர எடுத்துருவாரு சார். காலு தானா கழட்டிருது."

"இங்க கழட்டுனா முள்ளு உசுர எடுக்கும்மா. போட்டுக்குங்க." கனமான பூட்ஸைக் கொடுத்தார். அவற்றை மாட்டிக்கொண்டு பெண்கள் நடந்த நடையைப் பார்த்து ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. "சிரிங்கலே, சிரிங்க. ஒங்க பொண்டாட்டிமாரு சம்பாத்தியத்துல தின்னுட்டுச் சிரிக்கத்தான் செய்வீக" என்றாள் வாய்க்காரி.

நான் சாப்பாட்டுப் பையோடு ஒரு மரத்தடியில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். யார் கண்ணிலும் படக்கூடாது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். சார் நேரே என்னிடம் வந்துவிட்டார்.

"அம்மா, நீங்க?"

நான் மகளைக் கையால் காட்டினேன்.

"துணைக்கா? சரி. ஆனா வெட்டுற இடத்துல சும்மா இருக்குற ஆளு இருக்கக் கூடாது. அதுதான் மொத விதி. ஒண்ணு வெளிய போகணும், இல்ல ஒரு வேல பாக்கணும்."

எனக்கு மஞ்சள் தொப்பி ஒன்றும் விசில் ஒன்றும் கொடுத்து, தோப்பை ஒட்டிப் போகிற வண்டிப்பாதையில் நிறுத்தினார். மரத்தின் உயரம் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் யாரும் வரக்கூடாது. ஆடு மேய்க்கிறவர்களோ சைக்கிளில் போகிறவர்களோ வந்தால் விசில் ஊதித் தடுக்க வேண்டும். தெருவில் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டதில்லை நான். விசிலை வாயில் வைத்தால் வெறும் காற்றுத்தான் வந்தது.

"பெரியம்மா ஊதுனா கொசுகூடத் திரும்பிப் பாக்காது சார்" என்றாள் வாய்க்காரி.

"பளகிரும். மரம் வெட்டுறதே பளகுனா வருது, விசில் வராதா?" என்றாள் என் மகள். எனக்காக அவள் பேசியது அப்படி ஒரு சந்தோஷமாக இருந்தது.

சார் பாடம் சொல்லும்போது நான் இருந்த இடத்துக்குக் கேட்கும். மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் முதலில் வாய் திறந்த மாதிரி ஒரு வெட்டு. பிறகு முதுகுப் பக்கமிருந்து ஒரு வெட்டு. இரண்டும் சேர்ந்துவிடக் கூடாது. நடுவில் கொஞ்சம் மரத்தை விட்டுவைக்க வேண்டும். கதவுக்குக் கீல் மாதிரி அதுதான் மரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறக்கும். மெஷின் ரம்பத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே, விழுகிற பக்கத்துக்கு எதிரே, சாய்வாகப் பின்னால் ஒதுங்கிப் போக ஒரு பாதையைப் புல் பூண்டு இல்லாமல் செத்தி வைத்துக்கொள்ள வேண்டும்.

"மரம் பேசும்மா. மொதச் சத்தம் வரும். வந்ததும் ரம்பத்த வெளிய எடுத்து, அந்தப் பாதையில நடக்கணும். நடக்கணும், ஓடக் கூடாது. கண்ணு மரத்து உச்சியில இருக்கணும். காஞ்ச கொப்பு எதுவும் உருவிக்கிட்டு வருதான்னு பாக்கணும். முதுகக் காட்டிட்டு ஓடுறவனத்தான் மரம் அடிக்கும்."

பிறகு அவரே ஒரு மரத்தை வெட்டிக் காட்டினார். பெண்களும் ஆண்களும் தள்ளி நின்று பார்த்தார்கள். ரம்பம் இரைந்தது. ரம்பம் நின்றது. மரத்தின் அடியிலிருந்து நெட்டி முறித்த மாதிரி ஒரு சத்தம்.

என் மகளைக் காணோம். வாய்க்காரியைக் காணோம். அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனி வேனில் போய் வந்த அத்தனை பெண்களையும் காணோம். ஆளுக்கு ஒரு திசையில் பூட்ஸோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. மரம் அதன் போக்கில் மெதுவாகச் சாய்ந்து படுத்தது.

ஆண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"எங்கம்மா ஓடுனீங்க?" என்று சார் மகளிடம் கேட்டார். முள்ளில் மாட்டி அவள் கை கீறியிருந்தது.

"தெரியல சார். நான் ஓடல. காலு ஓடுது."

மற்றவர்களுக்கு இரண்டு மூன்று மரத்தில் தெளிந்துவிட்டது. வாய்க்காரிகூட, "ச்சீ, இதென்ன, ஒத்த வெடி அளவுகூட இல்ல" என்று சொல்லிக்கொண்டு நிற்கப் பழகிவிட்டாள். என் மகளுக்கு மட்டும் வரவில்லை. வெட்டு எல்லாம் அழகாக வந்தது. கீல் ஒரே சீராக இருக்கிறது என்று சார் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆனால் முதல் சத்தம் கேட்டதும் அவள் இருக்க மாட்டாள். செத்தி வைத்த பாதையிலும் ஓட மாட்டாள், முகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடுவாள். ஒருதடவை மரம் விழுகிற பக்கமே ஓடப் பார்த்தாள். சார் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

அன்றைக்கு அவர் கோபிக்கவில்லை. வண்டிப்பாதைக்கு என்னிடம் வந்தார். "ஒங்க மக கைக்கு நான் இப்பவே கார்டு குடுப்பேன்மா. காலுக்குக் குடுக்க முடியாது. குடுத்தா நானே கொன்ன மாதிரி ஆயிரும்."

அவளைக் காப்பாற்றின கால்கள்தானே. அவற்றைப் போய் மறந்துவிடு என்று எப்படிச் சொல்வது? மறந்து தொலைத்துவிட்டு, கார்டும் கிடைக்காமல், திரும்ப மருந்து அறைக்கே போகும்படி ஆனால்? அப்போது அந்தக் கால்களுக்கு நான் எங்கே போவேன்? இந்தப் பக்கமும் பயம், அந்தப் பக்கமும் பயம். அந்தப் பச்சை வெளிச்சத்துக்குள் நின்றுகொண்டு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சார் யாரையும் ரம்பம் தொடச் சொல்லவில்லை. எல்லாரையும் வண்டிப்பாதைக்கு இந்தப் பக்கம், எனக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். அவரும் அவருடைய உதவியாளும் உள்ளே ஒவ்வொரு மரமாகச் சாய்த்தார்கள். "கேளுங்க. கேட்டதச் சொல்லுங்க" என்றார்.

நானும் மூடிக்கொண்டேன். காவலுக்கு அன்றைக்கு வேறு ஆள் நின்றதால் எனக்கு அந்தச் சுகம் கிடைத்தது. முதலில் நெட்டி முறிகிற சத்தம். அப்புறம் பச்சை ஓலையை நீளமாகக் கிழிக்கிற மாதிரி ஒன்று. அப்புறம் சத்தமே இல்லாத ஒரு சின்ன இடம். அதற்கு அப்புறம் மேலே எங்கேயோ மழை தொடங்குகிறது போல, சேலைகளைக் கொத்தாக உதறுகிறது போல, காற்று பெரிதாகிக்கொண்டே வரும். கடைசியில் பூமி ஒருதரம் அசையும். உட்கார்ந்திருக்கிற இடத்தில் தெரியும். பிறகு இலை வாடை. பெருமரத்து இலைக்கு நல்ல வாடை கிடையாது, ஆனாலும் அது எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

அப்படியே அரைத் தூக்கமாக ஆகிவிட்டேன். நான் சின்னப்பிள்ளையாக அடுக்கின குச்சிகள் எல்லாம் கண்ணுக்குள் வந்தன. அத்தனை வருஷம் அடுக்கியும் அது ஒரு மரம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. குச்சி குச்சியாகவே பிறக்கும் என்றுதான் இருந்தேன் போல. இப்போது அவை எல்லாம் எழுந்து நின்று, இலை விட்டு, காற்றில் ஆடின. அவற்றுக்கு நடுவில் மகள் நடந்து போனாள். எங்கே போகிறாள் என்று பார்ப்பதற்குள் பக்கத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"சத்தத்துக்கும் விழுறதுக்கும் நடுவுல எம்புட்டு நேரம் இருக்கு சார்!"

அதை அவள் ஆச்சரியமாகச் சொன்னாள். "மருந்துல நடுவுலன்னு ஒண்ணு கிடையாது. சத்தம்னா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்."

"அந்த நேரம் ஒங்களுக்காகத்தான்மா இருக்கு. நடந்து போக" என்றார் சார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மகள் என்னிடம் ஒரு வேலை கொடுத்தாள். "எம்மா, விறகுக் குச்சிய எடுத்து வச்சுக்க. நான் பாக்காத நேரமாப் பாத்து ஒடி. சொல்லிட்டு ஒடிக்கப்படாது."

வேடிக்கையாக இருந்தது. அவள் பாத்திரம் விளக்குவாள், நான் பின்னால் போய் ஒடிப்பேன். சட்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். "ஏத்தா, சட்டி ஒடைஞ்சா கஞ்சி எதுல காய்ச்ச?" என்பேன். "நீ ஒடி, பேசாம ஒடி" என்பாள். அவள் தலை சீவும்போது ஒடித்தேன். மாவு கரைக்கும்போது ஒடித்தேன். ஒவ்வொரு தடவையும் முதலில் துள்ளுவாள். பிறகு மூச்சை விட்டு, முகட்டைப் பார்த்தபடி சாய்வாகப் பின்னால் நடப்பாள், கையில் சீப்போ அகப்பையோ இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சின்னம்மா, அக்காளுக்குப் பேய் எதுவும் பிடிச்சிருக்கா? கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போனீகளா?" என்று கேட்டாள். மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோடைக்கு அப்புறம் அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குள் போர்மேன் போன் செய்துவிட்டார். கம்பெனி திறந்து பூஜை போட்டாச்சு, ஆர்டர் நிறைய இருக்கு, பழைய இடத்துக்கே வந்துவிடு என்றார். நல்ல மனுஷன்தான். "ரெண்டு நாள்ல சொல்றேண்ணே" என்று மகள் வைத்துவிட்டாள். வைத்த பிறகு முகத்தில் சிரிப்பு இல்லை.

கடைசி நாளும் வந்தது. அன்றைக்கு மழை மூட்டமாக இருந்ததால் தோப்புக்குள் பச்சைகூட இருட்டாகத்தான் தெரிந்தது. வாய்க்காரி தன் மரத்தைச் சாய்த்துவிட்டு, "முடிஞ்சிச்சு சார், கார்டக் குடுங்க, காப்பியக் குடுங்க" என்றாள். ஆண்களில் ஒருத்தருக்குக் கீல் கோணலாகிப் போய், அவரை மறுபடி வரச் சொன்னார்கள். பிறகு என் மகள்.

நான் வண்டிப்பாதையில் என் இடத்தில் நின்றேன். விசில் நன்றாக ஊத வந்திருந்தது. பாதையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஊதினேன். அவள் மரத்தைச் சுற்றி வந்து, அண்ணாந்து பார்த்து, ஒதுங்கும் பாதையை ஒருதரம் நடந்து பார்த்தாள். அதிலே கிடந்த ஒரு கொப்பைக் காலால் தள்ளினாள். முன் வெட்டுப் போட்டாள். மரத்தூள் மாவு மாதிரி பறந்தது. முதுகுப் பக்கம் போனாள். எனக்கு அவளுடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. தலையோ கையோ ரம்பமோ எதுவும் கண்ணில் படவில்லை. இந்த ஒரு மரம், இந்த ஒரு தடவை, கண்ணை எடுக்காமல் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

ரம்பம் நின்றது. மரத்தில் நெட்டி முறிந்தது.

எனக்கு அடுத்துத் தெரிந்தது சோளத் தாள்கள். இரண்டு பக்கமும் முகத்தில் அடித்துக்கொண்டு போயின. தொப்பியைக் காணோம். வாயில் விசில் மட்டும் இருந்தது, மூச்சு வாங்கின வாங்கில் அது தானாகக் கீச்சுக் கீச்சென்று ஊதிக்கொண்டிருந்தது. பாதைக்கு அந்தப் பக்கத்துச் சோளக்காட்டுக்குள், இந்த வயதில், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஓடிக்கொண்டிருந்தேன். எப்போது திரும்பினேன், எப்போது பாதையைத் தாண்டினேன், ஒன்றும் தெரியாது. மகள் சொன்னது சரிதான். நான் ஓடவில்லை, கால் ஓடியது.

பின்னால் அந்தக் காற்றுச் சத்தம் பெரிதாகி வந்தது. பூமி அசைந்தது. நான் நின்றேன்.

திரும்பிப் பார்ப்பதற்குப் பயமாக இருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. யாராவது கத்தினால்கூடத் தேவலை என்று இருந்தது. சோளத்துக்குள் நான் எத்தனை நேரம் நின்றேனோ, வாழ்நாளில் பாதி போன மாதிரி இருக்கிறது இப்போது நினைத்தாலும். பிறகு திரும்பினேன்.

தோப்பில் ஒரு மரம் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. அந்த ஓட்டை வழியாக வெள்ளை வெளிச்சம் நேராகக் கீழே இறங்கி, மரத்தூள் அதற்குள் மெல்ல மெல்ல மிதந்தது. பக்கத்தில் சாய்வாக, செத்தி வைத்த பாதையின் கடைசியில், மகள் நின்றாள். ரம்பம் கையில் இருந்தது. முகம் இன்னும் மேலேயே இருந்தது. விழ வேண்டியது எதுவும் இனி அங்கே இல்லை, ஆனாலும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சார் அவள் பக்கத்தில் போய் ஏதோ சொன்னார். அவள் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு அடிக்கட்டையில் குனிந்து கீலைத் தொட்டுப் பார்த்தாள்.

நான் சோளத்தை விலக்கிக்கொண்டு பாதைக்கு வந்தபோது வாய்க்காரி என்னைப் பார்த்துவிட்டாள். "ஏ இங்கன பாருங்க, பெரியம்மா சோளக்காட்டுக்குள்ளருந்து வாராக! எங்க போனீக? மக ஓடலன்னு அவளுக்கும் சேத்து நீங்க ஓடிட்டீகளா?"

எல்லாரும் சிரித்தார்கள். வெட்கத்தில் நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

சாருக்குச் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டார். "காவலுக்கு நிக்கிற ஆளு எடத்த விட்டு ஓடலாமாம்மா? ஒங்களுக்குக் கார்டு கெடையாது" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "ஒங்களுக்கு உண்டு" என்றார்.

மகள் அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. நான் எங்கே ஓடினேன் என்றும் அவள் பார்க்கவில்லை. அடுத்த வரிசையில் கொஞ்சம் கோணலாக நின்ற ஒரு மரத்தின் அடியில் போய், பூட்ஸ் காலை அகட்டி வைத்து, அண்ணாந்து அதன் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இது எந்தப் பக்கம் விளும்?" என்று கேட்டாள்.